வெறும் தங்கம் பட்ட தட்டு

பேராசிரியர் சண்முகவடிவைவிட அவருடைய மாணவர் அருளானந்தம் வயதில் மூத்தவர். கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தவர். அதனால் மேடம் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

அருளானந்தத்தின் ஊர் மலையில் வாழையெல்லாம் நோயில் போய்ச் சேர்ந்துவிட்டது. மிஞ்சியது, ஆய்வகத் தட்டுகளில் வளர்ந்த கொஞ்சம் திசு. அதற்குள் நோய் தாங்கும் மரபணுவைச் செலுத்த வேண்டும். தங்கத் தூளில் அந்த மரபணுவையும், அடையாளத்துக்கு ஒளிரும் மரபணு ஒன்றையும் பூசி, வாயு விசையில் திசுவின் மேல் சுடுவார்கள். அடிபட்ட செல்கள் பெரும்பாலும் செத்துப்போகும். மரபணுவை ஏற்றுப் பிழைத்தது, நாள் போகப் போக நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டை மட்டும் மரபணு பூசாத தங்கத்தால் சுடச் சொல்வார் மேடம்.

"இருக்கறதே கொஞ்சம். இதுல ஒண்ணை வீணாக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சுடுவார் அருளானந்தம். மூடியில் 'வெறும்' என்று எழுதி ஓரமாக வைப்பார்.

அன்று இருட்டறையில் லென்ஸில் குனிந்தவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு தட்டு முழுக்கப் பச்சைப் புள்ளிகள், பூனைக் கண்கள் மாதிரி அவரையே பார்த்தன. உடனே தம்பிக்கு ஃபோன் போட்டார். "நம்ம வாழை பிழைச்சுடுச்சுடா!" என்று அழுதேவிட்டார்.

மேடம் வந்து பார்த்தார்.

"மத்த தட்டெல்லாம் எங்க சார்?"

"ஒண்ணுகூட ஒளிரல மேடம். செத்ததை வெச்சு என்ன பண்றது? ஆட்டோகிளேவ்ல போட்டுட்டேன்."

அடுத்த அறையில், உள்ளே போட்ட எதையும் கொன்றுவிடும் அந்த நீராவிக் கலன் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

மேடம் ஓரத்திலிருந்து ஒரு தட்டை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

"பாருங்க."

"அடேயப்பா! இது அதைவிட ஜோரா ஒளிருதே! எந்தத் தட்டு மேடம்?"

மேடம் மூடியை நீட்டினார். அருளானந்தத்தின் கையெழுத்துதான். 'வெறும்.'

அவர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மரபணுவே இல்லையே... எப்படி ஒளிருது?"

"செத்த செல்லும் ஒளிரும் சார்."

அவர் மறுபடி குனிந்தார். பச்சைப் புள்ளிகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தன. பயந்து தலையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அப்ப உயிரோட இருந்தது?"

அடுத்த அறையில் சீறல் நின்றிருந்தது. மேடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது பிழைக்கிற வேலையில இருந்துச்சு சார். ஒளிர்ந்து காட்ட அதுக்கு ஏது நேரம்?"