டீக்கு ஜாமீன்

அந்த வங்கியில் எல்லோரும் மரியபுஷ்பம் பிளாஸ்க்கில் கொண்டுவரும் டீயைத்தான் குடிப்பார்கள். காசு மட்டும் சம்பளத்தன்று கொடுப்பார்கள். ஒருநாள் அவள் தள்ளுவண்டி வாங்கக் கடன் கேட்டாள். மேனேஜர் வைத்திலிங்கம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சம்பளக்காரங்க ரெண்டு பேர் ஜாமீன் போடணும்" என்றார்.

மறுநாள் அவர் மேஜைமேல் வெறும் டம்ளரை வைத்தாள்.

"டீ எங்கம்மா?"

"கடன் டீயாச்சே சார். ஜாமீனுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

"என்னை நம்பமாட்டியா?"

"நம்பித்தானே சார் இத்தனை நாளா ஊத்துறேன்."

காசாளர் சிரித்துவிட்டார். மேனேஜர் ஜாமீன் கேட்காமலே கடன் கொடுத்தார்.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று, 'கடன் கேட்காதீர்' என்று அதில் போர்டு மாட்டச் சொன்னவரும் மேனேஜர்தான்.

முதல் டீயை அவரிடம் நீட்டினாள். "நீங்க குடுத்த கடன்ல வந்த வண்டி சார். இதுலயே அந்த போர்டை எப்படி மாட்டுறது?"