நஞ்சப்பனின் கயிறு

தெய்வானையின் பட்டறை கோவையில், அவள் வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டில் இருந்தது. காருக்குப் பதில் உள்ளே உலோகம் கடையும் பழைய லேத் ஒன்று நின்றது. அவளுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு அறுபத்துமூன்று. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பன்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கைப்பிடி. மனைவி ராமாத்தாளுக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கை பலமிழந்துவிட்டது. தோசைக் கரண்டியின் ஒல்லிக் காம்பு விரல்களில் நிற்பதில்லை. அலுமினியத்தில் தடிமனாக ஒரு பிடி கடைந்து மாட்டினால், அவள் மறுபடி தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்பாள்.

"பத்து நிமிஷ வேலைங்க. நானே கடைஞ்சு குடுத்தர்றனே" என்றாள் தெய்வானை, முதல் நாளே.

"இல்லீங்க அம்மணி. எங்கையால பண்ணோணும்."

"அப்ப எம்பேச்சைக் கேக்கோணும்."

கேட்டார். நாளுக்கொன்றாக அவர் மேலிருந்து கழன்றது. முதலில் தோள் துண்டு. அப்புறம் கைக்கடிகாரம். மோதிரம் சோப்புப் போட்டுத்தான் வந்தது. நாலாம் நாள் புதிதாக ஒரு ஜோடித் தோல் கையுறை வாங்கிக்கொண்டு, முதல் மார்க் எடுத்த பிள்ளைபோல வந்து நின்றார்.

"எதுக்குங்க இது?"

"கைக்குப் பாதுகாப்புங்க."

"சுடு தகட்டைத் தூக்கறப்பப் போட்டுக்குங்க. ஓடற லேத்துக்கு முன்னால இது தூண்டில். கையைச் சேத்து உள்ள இழுத்துரும்."

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் அவளே எடுத்து மாட்டிவிட்டாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒரு சிவப்புக் கயிறு இருந்தது.

"அதையும் கழட்டீருங்க."

"இது மட்டும் வேண்டாங்க. கோயில் கயிறு. ஊட்டுக்காரி கட்டுனது. ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, இடது கையாலயே கட்டுனா. எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு."

கூடாது என்று தெய்வானை தலையை ஆட்டினாள்.

"காப்பாத்தறதுக்குன்னு கட்டுன கயிறு எப்பிடீங்க ஆபத்தாகும்?" என்று கேட்டார்.

அவள் வெளியே போய் ஒரு பப்பாளி இலைத்தண்டை ஒடித்து வந்தாள். அதில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். நீளமான மூங்கிலின் பிளந்த நுனியில் தண்டைச் செருகினாள். அவரை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு, லேத்தை ஓடவிட்டு, ஒதுங்கி நின்றபடி மூங்கிலை நீட்டினாள். சுழலும் இரும்புத் தலையை நூல் தொட்டதுதான் தெரியும். தண்டு பிடுங்கிக்கொண்டு போய், கூழாகிச் சுவரில் தெறித்தது.

லேத்தை நிறுத்தினாள். நூல் அறாமல் இரும்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நூல் அந்து போயிருமுன்னுதானே நெனச்சீங்க?"

"ஆமாங்க."

"நாளைக்கு வாங்க."

வீட்டில் ராமாத்தாள் கேட்டாள்: "இன்னைக்காச்சும் மிசினைத் தொட்டீங்களா, இல்ல அந்த அம்மணி பட்டறையைக் கூட்டத்தான் உட்டாங்களா?"

"நல்லாக் கூட்டறேன்னு பேரு வாங்கியிருக்கேன்" என்றார்.

அவள் சிரித்தாள். அவள் அந்தப்பக்கம் போனதும் கத்தரியை எடுத்தார். கயிற்றுக்குக் கீழே நுழைத்தார். நசுங்கிய அந்தச் சின்ன முடிச்சைப் பார்த்தார். கத்தரியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் எட்டு மணிக்கே கிளம்பினார். வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் போவார். என்னால் ஆகாது, நீங்களே கடைந்து கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஷெட் திறந்திருந்தது. தெய்வானை இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. சேலையில்லை, அரைக்கைச் சட்டையும் பேண்ட்டும்; கூந்தலைச் சுருட்டித் துணிக்குள் அடக்கியிருந்தாள். பிறகு தலையைக் குனிந்து, கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவிட்சுக்கு மேலே சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அவசரமோ தயக்கமோ இல்லை.

நஞ்சப்பனுக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது.

"ஏனுங்க அம்மணி... தாலியையா?"

"வாங்க. என்ன, இத்தனை நேரத்துல?"

"தினமும் கழட்டுவீங்களா?"

"தினமுந்தான்."

"கட்டுனவரு ஒண்ணும் சொல்றதில்லீங்களா?"

தெய்வானை திரும்பிச் சுவரைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

"கட்டுன மனுசன்தானுங்க அந்த ஆணியையும் அடிச்சுக் குடுத்தாரு."

நஞ்சப்பன் ஸ்டூலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டு முடிச்சை நகத்தால் மெல்ல நெம்ப ஆரம்பித்தார். தெய்வானை லேத்தைப் போடாமல் காத்திருந்தாள்.