கையைச் சுற்றிய பாம்பு

வழக்கறிஞர் தமயந்தி அந்தச் சனிக்கிழமை கடலில் இறங்குவதற்காகப் புதுச்சேரிக்கு வரவில்லை. விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள்.

செலஸ்தீன் கொட்டகையில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆழ்கடல் நீச்சல் கற்றுத்தருபவள். தமயந்தியைவிட மிகவும் இளையவள். வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வந்திறங்கும் தமயந்தியின் நண்பர் கூட்டம் முதலில் கேலியாகத்தான் அவளை 'மிஸ்' என்று அழைத்தது. ஒருமுறை கடலுக்குள் போய் வந்ததும் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

"மிஸ், இனிமே நான் வரல."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லத்தானே வந்திருக்கீங்க."

தமயந்தி சொன்னாள். குடும்ப நீதிமன்றத்தில் பிறருடைய வழக்கை எப்படி அடுக்குவாளோ, அப்படியே தனக்கு எதிராக அடுக்கினாள்.

கடலுக்கு அடியில் இருவர் இருவராகவே போக வேண்டும். ஒருவர் உயிருக்கு மற்றவர் பொறுப்பு. தமயந்தியின் ஜோடி ரெஹானா, சட்டக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாள்முதல் தோழி. போன வாரம், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு கடல் பாம்பு தமயந்தியின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அவளுக்குத் தன் குழாயில் காற்று வராததுபோல் தோன்றியது. வந்துகொண்டுதான் இருந்தது. அதைத் துப்பிவிட்டு, ரெஹானாவின் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். மேல போகணும்னு காலை உதைச்சேன். அதுக்குள்ள பாம்பு கையில சுத்திக்கிச்சு. சொரசொரன்னு, அப்படி ஒரு இறுக்கம். மேல போக விடாம இழுத்துக்கிட்டே வந்துச்சு. தண்ணிக்கு மேல தலை வந்த பிறகுதான் விட்டுச்சு."

அவள் ரவிக்கையின் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேலே, வெளிப்புறத்தில், பச்சையும் மஞ்சளுமாக ஆறிவரும் நான்கு பட்டைகள்.

"நாலு சுத்து. தடயம் இருக்கு."

"கடிச்சுதா?"

"இல்ல."

செலஸ்தீன் அந்தக் கையைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"குளிக்கும்போது தண்ணி தோள்ல பட்டாலே அந்த இறுக்கம் திரும்ப வருது," என்றாள் தமயந்தி. "அது பரவாயில்ல மிஸ். பயம் வந்தா நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கூட வந்தவ வாயிலேர்ந்து மூச்சைப் பிடுங்குறவ. என்னை நம்பி இனிமே ஒருத்தர் எப்படித் தண்ணிக்குள்ள வருவாங்க? அதைச் சொல்லுங்க."

செலஸ்தீன் சிலிண்டரின் வால்வை மூடினாள்.

"கடைசியா ஒரு தடவை என்னோட வாங்க. ஆறு மீட்டர்தான். உள்ள நான் ஒண்ணு செய்வேன். உங்களுக்குக் கோபம் வரும்."

"பதிலை இங்கயே சொல்லக் கூடாதா?"

"இங்க சொன்னா வாதாடுவீங்க."

படகில் ரெஹானாவும், இருவருக்கும் நண்பனான முகுந்தனும் முன்பே ஏறியிருந்தார்கள்.

"ஏய், உன் போன் கடல்ல விழுந்துடுச்சா?" என்றாள் ரெஹானா. "வாரம் பூரா அடிக்கிறேன்."

"வேலை."

"பொய். நீ பொய் சொன்னா மூக்கைத் தொடுவ."

தமயந்தி மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெஹானா, இந்த வாட்டி குழாயை வாயோட சேத்துக் கட்டிக்கோ," என்றான் முகுந்தன். "பக்கத்துல ஆள் சரியில்ல."

"நீ மொதல்ல உன் தொப்பையை அந்த உடைக்குள்ள கட்டு. அப்புறம் எனக்குச் சொல்லு."

முகுந்தன் மட்டும் சிரித்தான். அவனுக்கு எதையும் சிரித்துத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு.

ரெஹானா தமயந்தியின் அருகில் நகர்ந்து வந்தாள். "தமா, அன்னைக்கு மேல வரும்போது நான்..."

"வேண்டாம். அதைப் பேசாத."

"ஒரே ஒரு விஷயம்டி."

"பேசாதன்னு சொன்னேன்."

ரெஹானா மடியிலிருந்த சொரசொரப்பான ரப்பர் கையுறைகளை எடுத்துக்கொண்டு படகின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தாள். தீர்ப்பு வந்துவிட்டதாகத் தமயந்தி எடுத்துக்கொண்டாள்.

முதலில் செலஸ்தீனும் தமயந்தியும் மட்டும் இறங்கினார்கள்.

நீர் கலங்கிய பச்சையாக இருந்தது. கை நீட்டினால் விரல் நுனி மங்கியது. அந்த மங்கலுக்கு அப்பால் எதுவும் இருக்கலாம் என்பதே தமயந்தி பயப்படப் போதுமானதாக இருந்தது. தன் மூச்சின் இரைச்சலைத் தவிர வேறு ஒலியில்லை. யாரோ தன் பின்னாலேயே மூச்சிரைத்துக்கொண்டு வருவதுபோல் அது கேட்டது.

பாறையோரம் மணலில் இருவரும் எதிரெதிரே மண்டியிட்டார்கள். இடுக்கிலிருந்து ஒரு களவாய் மீன், கதவைத் திறக்க விரும்பாத வீட்டுக்காரரைப்போல், பாதி முகத்தைக் காட்டியது. அருகில் மணல் ஒருமுறை அசைந்தது. புதைந்திருந்த திருக்கையின் இரண்டு கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

பிறகு அது வந்தது.

சாம்பல் உடம்பில் கறுப்பு வளையங்கள். துடுப்பைப்போல் தட்டையான வால். பாறைக்கு அடியிலிருந்து நீண்டு, நீண்டு, முடிவதாகவே தெரியவில்லை. இருவருக்கும் நடுவே மெல்லத் தலை தூக்கியது. தமயந்தியின் கண்ணாடிக்கு எதிரே சற்று நின்றது.

அவளிடமிருந்து எழுந்துகொண்டிருந்த குமிழிகள் நின்றுபோயின. மூச்சை அடக்குவது கடலுக்குள் எவரும் செய்யக் கூடாத முதல் காரியம். பயந்தவர் செய்யும் முதல் காரியமும் அதுவே.

அந்த நொடியில் செலஸ்தீன் தன் குழாயைத் துப்பிவிட்டு, கையை நீட்டி, தமயந்தியின் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

உப்பு வாய்க்குள் பாய்ந்தது. மேலே பார்த்தாள், வெளிச்சம் எட்டாத தூரத்தில் இருந்தது. அவளுடைய கை அவளைக் கேட்காமலே நெஞ்சுக்குப் போனது. அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு மாற்றுக்குழாய் தொங்கும். ஒரு சிலிண்டரில் இருவர் மூச்சு விடுவதற்காக வைத்தது. அதை வாயில் வைத்து ஊதி, நீரை வெளியேற்றி, இழுத்தாள். காற்று வந்தது.

எதிரே செலஸ்தீன் கண்களை இறுக மூடியிருந்தாள். கால்களை உதைத்து மேலே கிளம்பினாள்.

தமயந்தி பாய்ந்து அவள் கையை முழங்கைக்கு மேலே பற்றினாள். செலஸ்தீன் திமிறினாள். முழங்கை தமயந்தியின் தாடையில் இடித்தது. அவள் விடவில்லை. கீழ்நோக்கி இழுத்தாள். தங்கள் குமிழிகளில் மிகச் சிறியது எந்த வேகத்தில் எழுந்ததோ அந்த வேகத்துக்கு மேல் போக விடாமல், பிடித்த பிடியோடு மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தாள். பாம்பு எங்கே போனது என்று அவள் பார்க்கவில்லை.

படகில் ஏறியதும் தமயந்தி செலஸ்தீன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குப் பைத்தியமா மிஸ்? மூச்சை அடக்கிக்கிட்டு அந்த வேகத்துல மேல போனா நுரையீரல் கிழிஞ்சுடும்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

"நான் மூச்சை விட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கவனிக்கல."

"நான் பிடிக்காம விட்டிருந்தா?"

"பிடிச்சீங்களே."

தமயந்தி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"கோபம் வந்துச்சா?" என்றாள் செலஸ்தீன்.

"வந்துச்சு. இன்னும் இருக்கு."

"எப்ப வந்துச்சு?"

"மேல வந்த பிறகு."

"குழாயைப் பிடுங்கினப்போ?"

தமயந்தி யோசித்தாள். "அப்ப கோபத்துக்கெல்லாம் நேரம் ஏது. நீங்க போய்ச் சேர்ந்துடுவீங்களோன்னுதான் பயமா இருந்துச்சு."

செலஸ்தீன் தன் இடக்கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே, ஈரத்தோலில், செக்கச்செவேலென்று நான்கு பட்டைகள்.

"இது நான் பண்ணதா?"

"ஆமா."

"மன்னிச்சுக்கோங்க மிஸ். இவ்வளவு அழுத்திட்டேன்னு தெரியல."

செலஸ்தீன் தமயந்தியின் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்தாள். சிவப்பில் நான்கு, மஞ்சளில் நான்கு. பிறகு இரண்டு கைகளையும் ஒன்றாகத் திருப்பினாள். உடம்பை ஒட்டிய உட்புறத்தில், இரண்டிலும், தனியாக, வட்டமாக ஒரு தடம் இருந்தது.

அந்த வட்டத்தைத் தமயந்தி இதுவரை பார்த்ததில்லை. வெளியே தெரிந்த நான்கை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

படகின் மறுமுனையில் ரெஹானா, தன் முறைக்காகக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப, என்னைச் சுத்தின பாம்பு?" என்றாள் தமயந்தி.

"அது வந்த வழியே போயிருக்கும். பாம்புக்குக் கட்டைவிரல் கிடையாது."