தேவபிச்சை அண்ணாச்சியின் முதல் பந்தி

உங்களைச் சிரிக்க வைக்கப்போகிறேன். வயிறு வலிக்கும், வலித்தால் என்னைக் கேட்கக் கூடாது. ஆனால் இப்போதே இல்லை. பாயசம் வரட்டும். பாயசம் எப்போது வரும்? பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் ஒரு சுற்று போன பிறகு. அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய்க் கை கழுவிக்கொள்ளலாம். ஒரு இலை மிச்சம்.

யாரும் எழுந்திருக்கவில்லையா? சரி.

எங்களுடையது கோவில்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழு. கல்யாணம், கோவில் கொடை விழா, கடைத் திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். நான் கொம்பையா. வயது பதினாறு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துப் பல குரல் பேசுவது என் வேலை. பஸ் கண்டக்டர், எங்கள் ஸ்கூல் ஹெட்மாஸ்டர், குக்கர், அழுகிற குழந்தை, அது அழ அழ அடிக்கிற அம்மா, எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். கீபோர்டு வாசிப்பவர் தேவபிச்சை அண்ணாச்சி. இருபத்திரண்டு வருஷமாக ஊர் ஊராகக் கல்யாணத்துக்கு வாசிக்கிறார். ஒரு கல்யாணத்தில்கூட முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை.

எப்படி உட்கார்வது? ஜனங்கள் சாப்பிடும்போது வாசிப்பதற்குத்தானே எங்களைக் கூப்பிடுகிறார்கள்! அவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஏப்பம் விட்டு, "இன்னொரு பாட்டு" என்று கேட்டு, அதையும் வாசித்து, வயரைச் சுருட்டிக்கொண்டு பந்திக்குப் போனால் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். "ரசம் இருக்கு. நொறுங்குன அப்பளம் இருக்கு. பரவாயில்லையா?" என்பார்கள். பாயசம் என்பது அண்ணாச்சிக்கு ஒரு வாசனை. மேடை வரைக்கும் வரும். போய்விடும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. எங்கள் குழுவில் ரிதம் பேடு வாசிக்கிற சுடலைமணி அண்ணனுக்கும் பாடுகிற தங்கபுஷ்பம் அக்காவுக்கும் கல்யாணம். பெண்ணுக்கு நாகர்கோவில் பக்கம், கல்யாணமும் அங்கேதான். வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தபோதே சொல்லிவிட்டார்கள், "யாரும் வாசிக்க வேண்டாம், எல்லாரும் விருந்தாளியா வாங்க" என்று.

அண்ணாச்சி அன்றே முடிவு எடுத்துவிட்டார். முதல் பந்தி. முதல் வரிசை. சமையற்கட்டு வாசலிலிருந்து மூன்றாவது இலை. முதல் இலையில் அவசரமாக வைப்பார்களாம், இரண்டாவதில் கை நடுங்குமாம், மூன்றாவதில்தான் கரண்டி நிதானத்துக்கு வருமாம். இருபத்திரண்டு வருஷம் மேடையிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்த உண்மை! குழு வேனை நம்பினால் கெட்டோம் என்று முந்தின நாளே தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டார். கல்யாணத்தன்று காலையில் ஒரு டீ மட்டும். தாலி கட்டும்போது பந்திக் கூடத்து வாசலில் நின்றபடியே அட்சதையை வீசினார். அது பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் தலையில் விழுந்தது. அவராவது நல்லா இருக்கட்டும்.

நான் நாலாவது இலையில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் எங்கள் குழுவின் இன்னொரு பாடகி கோமதி அக்கா. அண்ணாச்சி பக்கத்தில் பாசத்தினால் உட்கார்ந்தேன் என்று நினைக்காதீர்கள். போன மாதம் ஒரு கோவில் கொடையில் அவர் குரலை மேடையில் பேசிக் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மைக்கை வாங்கி, "இதா என் குரல்? சளி பிடிச்ச ஆடு! தம்பிக்கு எவன் குரலும் வரும், என் குரல் மட்டும் இந்த ஜென்மத்துல வராது" என்றார். ஊரே கேட்டது. சும்மா விடலாமா?

இலை விழுந்தது. அண்ணாச்சி தண்ணீர் தெளித்துத் துடைத்த பக்குவத்தைப் பார்த்தால், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார் என்று நினைப்பீர்கள். துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பி வாயைக் கொடுத்தார்.

"வேன் பஞ்சராமே? பொறவு எப்படிலே நேரத்துக்கு வந்து சேந்தீங்க?"

பஞ்சர் உண்மை. பத்து நிமிஷத்தில் ஸ்டெப்னி மாற்றினோம், வந்தோம். அதைச் சொன்னால் பத்து நொடியில் முடிந்துவிடும். பாயசத்துக்கு இன்னும் அரை மணி இருக்கிறதே!

"அதை ஏன் கேக்கீங்க அண்ணாச்சி. கயத்தாத்துல டீ குடிக்க நிறுத்துனோம். மாஸ்டர் ஆத்துனாரு பாருங்க, ஒரு கை வானத்துல, ஒரு கை பாதாளத்துல. நடுவுல டீ கம்பி மாதிரி நிக்கி. நேரமாச்சேன்னு நம்ம டிரைவர் வெயிலுமுத்து அண்ணன் வண்டிய எடுத்துட்டாரு. டீ விடல அண்ணாச்சி! பின்னாலேயே வளைஞ்சு வளைஞ்சு வருது. கங்கைகொண்டான் தாண்டி ஜன்னல் வழியா வந்து டம்ளர்ல விழுந்துச்சு. நுரையோட!"

அண்ணாச்சி கண்ணை மூடினார். யாராவது தப்பாகச் சொன்னால் அவருக்கு அது அபஸ்வரம் மாதிரி. கண்ணை மூடி, தப்பு எங்கே என்று தேடுவார். டீ எட்டு மைல் பறந்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"எந்தக் கடை? பாலத்துக்குக் கிழக்கயா? அவன் டீல நுரையே வராதேலே!"

அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் நேந்திரங்காய் சிப்ஸும் வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டியும் வந்தன. நான் முகத்தை இலைக்குள் கவிழ்த்து, மூக்கை லேசாக அடைத்து, அடிவயிற்றிலிருந்து அண்ணாச்சியின் குரலை எடுத்தேன்.

"எனக்கு வேண்டாம்ப்பா. பல்லு ஆடுது. பக்கத்துல பையனுக்கு வைங்க."

பரிமாறுகிறவர் குனிந்தபடியே எனக்கு இரண்டு பங்கு வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

"யாருலே அது, முதல் பந்தியில உக்காந்துக்கிட்டு வேண்டாம்ங்கான்? பைத்தியக்காரன்! குரலைப் பாரு, தகரத்துல ஆணி கிழிக்கிற மாதிரி."

கோமதி அக்காவுக்குப் புரையேறியது. அவள் தலையில் நானே தட்டினேன். சிரிப்பு வந்துவிட்டதா உங்களுக்கு? நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

"அப்புறம் திருநவேலில பஞ்சர். ஸ்டெப்னியும் இல்ல. கோமதி அக்கா கல்யாணப் பொண்ணுக்குன்னு அல்வா வாங்கி வச்சிருந்தா. சுடச்சுட. வெயிலுமுத்து அண்ணன் ஒரு கை அள்ளி ஓட்டையில அப்புனாரு. அவ்வளவுதான்! டயர் வழுக்க ஆரம்பிச்சிட்டு. இன்ஜின ஆஃப் பண்ணியாச்சு, பிரேக்க மிதிச்சாச்சு, வண்டி நிக்கல. நாங்குநேரி வரைக்கும் ஒரே வழுக்கு. பின்னால திரும்பிப் பாத்தா ரோடு கறுப்பா அசையுது. எறும்பு! டோல்கேட்ல இருந்தவரு இதென்ன பெரிய ஊர்வலமால்ல இருக்குன்னு கும்புட்டுக் கம்பைத் தூக்கிட்டாரு."

"ஏ கோமதி, இவன் சொல்லுதது நெசமா?"

"எறும்பு மட்டும் நான் பாக்கல அண்ணாச்சி. நான் தூங்கிட்டேன்," என்றாள் அக்கா. தங்கமான அக்கா.

அண்ணாச்சி கண்ணை மூடினார். "ஒட்டாதேலே. அல்வா சூட்டுல ஒட்டாது. ஆறணும். ஆறுனாத்தான் பிடிக்கும்..."

அவர் அல்வாவை ஆற வைத்துக்கொண்டிருந்தபோது அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி மூன்றும் அடுத்தடுத்து வந்தன. மூன்றுக்கும் தகரக் குரல் தனித்தனியாகக் காரணம் சொன்னது: வாய்வு, டாக்டர், வேண்டுதல். மூன்றும் என் இலைக்கு வந்தன. பாவம் பார்த்துச் சோற்றையும் பருப்பையும் மட்டும் அவர் இலைக்கு விட்டுவைத்தேன். அண்ணாச்சி பேச்சு மும்முரத்தில் சோற்றைப் பிசைந்து, அவியல் இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டு, உப்பைத் தொட்டு நக்கினார்.

"அவியல்ல உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

"ஆமா அண்ணாச்சி," என்றேன், வாய் நிறைய அவியலோடு. உப்பு சரியாகத்தான் இருந்தது. தேங்காயெண்ணெய் மணம் காதுவரை ஏறியது. பக்கத்தில் ஒருவர் சப்புக்கொட்டிக்கொண்டு உப்பைச் சாப்பிட, நாம் எரிசேரி சாப்பிடுவது இருக்கிறதே, அந்தச் சுகத்தை எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை.

"அப்புறம் போன்ல வழி சொல்லுமே ஒரு பொம்பளை, அவளுக்கு வந்துச்சு பாருங்க கோவம்." அவள் குரலுக்கு மாறினேன். "'இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும். திரும்பச் சொன்னேனே! கயத்தாத்துல இருந்து கத்துறேன், ஒரு ஆள் கேக்கல. ஒரு வாய் அல்வா வேணுமான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?' அப்படின்னுட்டு, வள்ளியூர்ல இறங்கி பஸ்ஸு பிடிச்சுப் போயிட்டா."

"அந்த நேரத்துக்கு வள்ளியூர்ல ஏதுலே பஸ்ஸு?" என்றார் அண்ணாச்சி.

"லேட்டா வந்த பஸ்ஸு அண்ணாச்சி."

"அப்பச் சரி."

பப்படம் வந்தது. தகரக் குரலுக்கு மறுபடி பல் ஆடியது. மட்டி வாழைப்பழம் வந்தது. தகரக் குரலுக்குச் சளி. என் இலையில் பப்படம் கோபுரம் மாதிரி நின்றது. அதை மறைக்க முழங்கையை ஊன்றிக்கொண்டு, மிச்சக் கதையை அவிழ்த்துவிட்டேன்.

"வழி தெரியாம முப்பந்தல் காத்துல மாட்டிட்டோம் அண்ணாச்சி. காத்துன்னா காத்தா அது? வேன அப்படியே அலாக்காத் தூக்கி, அங்க கரண்டு எடுக்கிற காத்தாடி ரெக்கைல மாட்டிவிட்டுட்டு. சுத்துதோம், சுத்துதோம். மேல போகும்போது மூணு கடலும் தெரியுது. கல்யாண மண்டபம் தெரியுது. பந்தி வாசல்ல நீங்க நிக்கது தெரியுது. கீழ வரும்போது வெயிலுமுத்து அண்ணன் இறங்கி டீ வாங்கிட்டு அடுத்த சுத்துல ஏறிக்கிடுவாரு."

"சுத்துற சுத்துல டீ சிந்தாதா?"

"சிந்தாமலா? ஆரல்வாய்மொழில காலைல பேஞ்ச மழை என்ன நிறம்னு கேட்டுப் பாருங்க! இந்தா எரியுதே இந்தச் சீரியல் லைட்டு, நாங்க சுத்துன கரண்டு. கோமதி அக்கா ஒரு பக்கமாச் சாஞ்சா பச்சை லைட்டு, மறுபக்கம் சாஞ்சா சிவப்பு லைட்டு."

அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடினார். நெற்றியில் நரம்பு ஓடியது. "இரு, இரு. காத்தாடிக்கு எத்தனை ரெக்கை?"

"மூணு."

"ஒரு ரெக்கைல வேன் தொங்குனா எடை ஒரு பக்கமா இழுக்குமேலே! அது எப்படிச் சுத்தும்?" பிடித்துவிட்ட சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். "எங்கிட்டயா கதை விடுத?"

"மத்த ரெண்டு ரெக்கைல ரெண்டு லாரி தொங்கிச்சே அண்ணாச்சி."

அவர் யோசித்தார். யோசித்து, மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப பேலன்ஸ் ஆயிடும்."

அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து அந்த மணம் வந்தது. அடைப்பிரதமன், நாகர்கோவில் பக்கத்துப் பாயசம்! வெல்லம், தேங்காய்ப்பால், சுக்கு. அண்ணாச்சியின் மூக்கு முதலில் திரும்பியது, பிறகு முகம், பிறகு உடம்பு. பிரதமனில் பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிடுவதுதான் இந்த ஊர் வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக மேடையிலிருந்து பார்த்த காட்சி. பப்படத்துக்காகக் கையை நீட்டினார். இலையில் கொஞ்சம் சோறு. ஒரு ஓரத்தில் உப்பு, பாதி.

"தம்பி! எனக்குப் பப்படம் எங்க? பழம் எங்க?"

பரிமாறுகிறவர் பிரதமன் வாளியோடு நின்றார். "என்ன அண்ணாச்சி, நீங்கதானே வேண்டாம்னு சொன்னிய? பல்லு ஆடுதுன்னிய, சளின்னிய, வேண்டுதல்ன்னிய."

"நானா?"

இதற்கு மேல் மறைப்பது பாவம். "நான்தான் அண்ணாச்சி," என்றேன். "உங்க குரல்ல நான்தான் சொன்னேன். எல்லாம் என் இலையில இருக்கு."

அண்ணாச்சி என் இலையைக்கூடப் பார்க்கவில்லை. "போலே புளுகா! டீ பறந்து வந்துச்சுன்ன, சரின்னு கேட்டேன். காத்தாடில லாரி தொங்கிச்சுன்ன, அதையும் கேட்டேன். எதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? என் குரல் உனக்கு வந்துச்சா? நடக்கிற காரியமாலே அது?"

பரிமாறுகிறவருக்குப் பொறுமை போய்விட்டது. வரிசையில் இன்னும் நாற்பது இலை. கரண்டியைத் தூக்கி, "அண்ணாச்சி, பிரதமன் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டபடி குனிந்தார்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பேச்சு வருவதற்கு முன்னே அவர் குரல் வந்துவிட்டது.

"வேண்டாம் தம்பி. எனக்கு சுகரு."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அவர் உதடு அசையவில்லை என்பது அவருக்கே தெரியும். கண் மூடவில்லை. முதலில் கரண்டியைப் பார்த்தார். பிறகு என் முழங்கையைத் தள்ளிவிட்டுப் பப்படக் கோபுரத்தைப் பார்த்தார். இரட்டைப் பழத்தைப் பார்த்தார். பிறகு என் தொண்டையைப் பார்த்தார்.

நான் சொன்ன சிரிப்பு இதுதான், சிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் தயாராக இருந்தேன்.

அண்ணாச்சி முகத்தை இலைக்குள் கவிழ்த்தார். அடுத்த நொடி என் குரல் கேட்டது. என் வாயிலிருந்து இல்லை. உடைந்தும் உடையாத என் பதினாறு வயதுக் குரல், நடுவில் கீச்சென்று வழுக்கி மறுபடி கீழே விழுகிற இடம் உட்பட, சுத்தமாக.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணே. என் பங்கையும் அண்ணாச்சிக்கே ஊத்துங்க. இந்தப் பப்படம், பழம் எல்லாம் நான் தொடல, அதையும் எடுத்து அவருக்கே வச்சிருங்க. மறு தடவை வந்தாலும் எனக்குக் கேக்காதீங்க."

பரிமாறுகிறவர் கரண்டி கரண்டியாக அவர் இலையில் பிரதமனை ஊற்றினார். என் பப்படங்களை அள்ளி அவருக்கு வைத்தார். பிறகு நிமிர்ந்து, என் தலையைத் தடவினார்.

"பரவாயில்லையே மக்கா, இந்த வயசுல இப்படி ஒரு குணம்!" என்று சொல்லிவிட்டு, கோமதி அக்கா இலைக்குப் போய்விட்டார்.