ஐம்பது லிட்டரைக் குடித்தது யார்?

புதுச்சேரிப் பக்கம், அமெரிக்கப் போர்பன் மாதிரி மக்காச்சோள விஸ்கி காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. ஜவுளிக்கடையில் சம்பாதித்து அதைப் புதிதாக வாங்கிய சுந்தரேசன், நான்கு வருஷம் பூட்டிக்கிடந்த மரப்பீப்பாயைத் திறந்து அளந்தார். இருநூறு லிட்டரில் ஐம்பதைக் காணோம்.

கிடங்குக் காவலாளி தேசிங்கைக் கூப்பிட்டார். "நூறு கஜம் துணியைப் பூட்டிவச்சா நூறு கஜம்தான்யா இருக்கும். நீதான் குடிச்சிருக்கே. இல்லேன்னா எங்கே போச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டு. காட்டலேன்னா வேலையை விட்டுக் கிளம்பு."

"காட்டுறேன் முதலாளி. சுத்திப் பார்க்கிற ஆளுங்க வரட்டும்."

அன்று சனிக்கிழமை. டிக்கெட் வாங்கிய கூட்டம் கிடங்குக்குள் வந்தது. பழைய முதலாளி எழுதிவைத்துவிட்டுப் போன பேச்சைச் சுந்தரேசன் வரி பிசகாமல் ஒப்பித்தார்.

"மூச்சை நல்லா இழுங்க. பீப்பாய்ல இருக்கிற விஸ்கி வருஷம் பூரா மரத்து வழியா ஆவியாகிக் காத்துல கலக்குது. நீங்க மோந்து பார்க்கிறது அதைத்தான்."

கூட்டம் கண்ணை மூடி இழுத்தது. தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"காட்டிட்டேன் முதலாளி. நான் குடிச்சிருந்தா ஓசியிலே போயிருக்கும். நீங்க டிக்கெட் போட்டுல்ல வித்திருக்கீங்க."

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் கிடங்குச் சாவி தேசிங்கிடமே இருந்தது. அடுத்த சனிக்கிழமை டிக்கெட் விலைதான் ஏறியது.