நேராக ஓடிய கோடு

அறவாழி இருபத்துநான்கு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருந்தார். ஐம்பத்துமூன்றாம் வயதில் வேலையை விட்டுவிட்டு ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த ஆசிரியை ஹமீதாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவர் இவரை "டாக்டர் சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

அறவாழி ஒரே கேள்வியோடு வந்திருந்தார். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய கதவுகள் உண்டு. அவற்றில் ஒரு வகை, திறந்தால் செல்லின் வேலையைக் குறைத்து அதை அடங்க வைக்கும். அந்தக் கதவுக்கு உத்தரவு போடுவது யார்?

"கேட்டுப் பாருங்க," என்றார் ஹமீதா.

"உங்களைத்தானே கேட்கிறேன்?"

"என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? செல்லைக் கேளுங்க."

கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. முடியைவிட மெல்லிய முனையுள்ள கண்ணாடிக் குழாயை, எலியின் இதயத்திலிருந்து பிரித்த செல்லின்மேல் வைக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் மாட்டிய ரப்பர்க் குழலை வாயில் கவ்வி மெல்ல உறிஞ்ச வேண்டும். செல்லின் தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளியிடத்தில் கதவு திறந்தால் திரையில் கோடு படியேறும்.

அறவாழி மூன்று மாதம் உறிஞ்சினார். கோடு ஏறவே இல்லை.

ஹமீதா வாரந்தோறும் விசாரிப்பார். "நடக்குது மேடம்" என்பார் அறவாழி. இத்தனை வயதில் தெரியவில்லை என்று சொல்ல நா எழவில்லை.

ஆய்வுக் குழு கூடுவதற்கு முதல் நாள் மதியம். ஒரு பதிவாவது காட்டாவிட்டால் அவர் பெயரை நீக்கிவிடுவார்கள். திரும்பவும் அந்த வார்டு, அந்த அலறும் மணிகள். ஹமீதா உள்ளே வந்தபோது அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன டாக்டர் சார்?"

"செத்துப்போச்சு மேடம். இன்னைக்கு ஏழாவது செல்."

ஹமீதா நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். "செத்த செல் உருண்டையா சுருண்டுக்கும். இது குச்சி மாதிரி நீட்டமா படுத்திருக்கு. தசை வரியெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. எதை வச்சு செத்துப்போச்சுங்கறீங்க?"

அறவாழி திரையைக் காட்டினார். கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"நேர்கோடு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"அந்தச் செல்லை உடனே தூக்கிப் போட்டுடுவேன். அடுத்த செல்லுக்குக் குளுக்கோஸைக் கூட்டுவேன். ஆக்ஸிஜனைக் கூட்டுவேன்."

"அப்பவும் நேர்கோடுன்னா?"

"இன்னும் கூட்டுவேன்."

ஹமீதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட யாரும் இப்படிக் கவனிக்க மாட்டாங்க சார்!"

அறவாழிக்கு முகம் சிவந்தது.

"இந்தச் செல்லைத் தூக்கிப் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் கோட்டைப் பதிவு பண்ணுங்க. கையைக் கட்டிக்குங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். நேர்கோட்டின் முன்னால் அவர் சும்மா உட்கார்ந்தது அதுவே முதல் முறை. நோயாளியிடம் இன்னும் ஒரு நிமிடம் முன்னால் போயிருக்கலாமோ என்று எண்ணியெண்ணித் தூங்காத இரவுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கோடு அசையவில்லை. நுண்ணோக்கியில் செல் நிம்மதியாகப் படுத்திருந்தது.

"இப்போ குழாயை மேலே தூக்குங்க. ஒட்டின தோல் மட்டும் பிய்ஞ்சு வரட்டும்."

அந்தக் கட்டம்வரை அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். செல்லுக்குள்ளிருந்த எரிபொருள் அந்தத் துண்டுத் தோலை விட்டு நீங்கி வெறும் நீரில் கரைந்தது.

கோடு ஒரு படி ஏறியது. இன்னொரு படி. பிறகு ஏழெட்டுக் கதவுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு திறந்தன.

"ஐயோ! வந்திருச்சு! வந்திருச்சு!"

பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டாக்டர் சாருக்குக் கதவு திறந்திருக்கு," என்றார் ஹமீதா.

அவர் ஏடிபி என்ற அந்த எரிபொருளைக் கலந்த நீரைத் திருப்பிவிட்டார். கதவுகள் சாத்திக்கொண்டன. கோடு நேரானது. நீரை மாற்றினார். மறுபடி திறந்தன. அறவாழி குழந்தையைப் போல, "இன்னொரு தடவை மேடம், இன்னொரு தடவை" என்றார்.

"அப்போ உத்தரவு போட யாருமே இல்லையா?" என்று பிறகு கேட்டார். "உள்ளே சாப்பாடு இருந்தா மூடிக்குது. தீர்ந்தா திறந்து, வேலையைக் குறைச்சுக்கச் சொல்லுது. அவ்வளவுதானா?"

"செல்லு அப்படித்தானே சொல்லுது?"

அறவாழி பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு இந்தப் படியேறின பகுதியை முதல்ல காட்டிடறேன்."

"வேண்டாம். அந்த அஞ்சு நிமிஷத்தை முதல்ல காட்டுங்க. முழுசா."

"அதுல ஒண்ணுமே இல்லையே மேடம்! என்ன இதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"கதவு சாத்தியிருக்கு, வீட்ல எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க."