ஊருணிப் பதிவும் மூன்று பேரும்

போராட்ட நோட்டீஸ் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொடுத்தவன் நான். வலைப்பூவைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அதுவும் நோட்டீஸ்தான், ஒட்டுவதற்குப் பசை தேவையில்லை, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் அடியில் பெயர் போடாத தாளை நாங்கள் கையால் தொடமாட்டோம். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் சொல்லி முடித்ததும் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ உண்டு. தொடங்கிய அன்று குணவதி டீச்சர் ஒரே ஒரு விதி சொன்னார். "எந்த எழுத்துக்கு மேலே யார் பேர் இருக்கோ, அந்த எழுத்துக்கு அவங்கதான் பதில் சொல்லணும்."

பவதாரணி அதிகம் பேசாத பெண். அவள் முதன்முதலாக எழுதியது ஊருணியைப் பற்றி. கரையில் நிற்கும் கல்லைப் படித்துவிட்டு, 'பஞ்ச காலத்தில் மக்கள் தாகம் தீர்க்க ஜமீன்தார் வெட்டிய ஊருணி' என்று எழுதினாள். அவள் பொய் எழுதவில்லை. கல்தான் பொய் சொன்னது. கல்லில் பொய்யைச் செதுக்கி வைக்க வசதி வேண்டும். அது ஜமீனுக்கு இருந்தது. ஊருணியை வெட்டியவர்கள் கீழத்தெரு ஆட்கள். கூலி கிடையாது, கஞ்சி மட்டும்.

வகுப்பில் மூன்று பேருக்கு இது தெரியும்.

நிஷாந்த் பதிவின் கீழே, "சூப்பர்! கலக்கிட்டே!" என்று எழுதினான்.

சந்தனமாரி கீழத்தெருப் பெண். அவள் தன் பெயரைப் போட்டு இப்படி எழுதினாள்: "ஜமீன்தார் மண்வெட்டி பிடிச்சாராக்கும்? வெட்டினது எங்க தெரு ஆளுங்க, கூலி இல்லாம. கல்ல மட்டும் பாத்து எழுதுனா போதுமா? நல்லா ஜால்ரா போடுடி."

ஆரோக்கியராஜிடம்தான் வலைப்பூவின் கடவுச்சொல் இருந்தது. பவதாரணி பார்ப்பதற்குள் அவன் சந்தனமாரியின் கருத்தை நீக்கினான். பிறகு பதிவுக்குள் நுழைந்து ஜமீன்தார் வரியை எடுத்துவிட்டு, 'கீழத்தெரு மக்கள் கூலியில்லாமல் வெட்டிய ஊருணி' என்று மாற்றினான். மேலே பவதாரணியின் பெயர் அப்படியே இருந்தது.

மறுநாள் சந்தனமாரி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எங் கமெண்ட்ட ஏன்டா தூக்கினே?"

"நீ சொன்னதத்தான் பதிவுலயே சேத்துட்டேனே. உண்மையும் வந்தாச்சு, சண்டையும் இல்ல."

"அவகிட்டச் சொன்னியா?"

"எதுக்கு? நல்லதுதானே பண்ணிருக்கேன்."

பக்கத்தில் நின்ற நிஷாந்தையும் அவள் விடவில்லை. "உங்க தாத்தாவும் சொல்லியிருப்பாரு. உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும். மொத மொதல்ல எழுதியிருக்கா. சொன்னா அழுதுருவா, பாவம்."

"அவ என்ன பச்சப் பிள்ளையாடா? ரெண்டு பேரும் தாலாட்டுப் பாடுங்க, போங்க!" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அதே நாள் மதியம் பள்ளியில் விழா. ஜமீன் குடும்பத்து வாரிசு புதுக் கட்டடத்துக்குப் பணம் தருகிறார் என்பதால் அவரே தலைமை விருந்தினர். ஊருணிப் பதிவு முதலில் வந்தபோது படித்திருந்த தலைமையாசிரியர், விருந்தினர் மகிழ்வார் என்று பவதாரணியை மேடைக்கு அழைத்தார். டீச்சரின் போனில் பதிவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்கள். எதிரே அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் அந்த விருந்தினரின் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். மூன்றாம் வரிசையில் நிஷாந்த், சந்தனமாரி, ஆரோக்கியராஜ்.

பவதாரணி மைக்கின் முன் நின்று முதல் பத்தியைப் படித்தாள். அடுத்த வரிக்கு வந்தாள். அது அவள் எழுதாத வரி. படித்தால் அப்பாவின் வேலைக்கு ஆபத்து. தாண்டிப் போனால், அவள் பெயரின் கீழ் அது இருக்கத்தான் போகிறது. விருந்தினர் புன்னகையோடு காத்திருந்தார்.

இங்கே நிறுத்துகிறேன். புண்படுத்தாமல் பாராட்டியவன், பெயர் போட்டுத் திட்டியவள், உண்மையைச் சேர்த்துச் சண்டையைத் தவிர்த்தவன். இந்த மூவரில் பவதாரணியை மதித்து நடந்தது யார்?

விடை: சந்தனமாரி. அவள் நாக்கில் முள் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தன் பெயரோடு வந்தாள். பதில் சொல்லப் பவதாரணிக்கு இடம் விட்டாள். நிஷாந்த் அவளைக் குழந்தையாக்கினான். ஆரோக்கியராஜ் சேர்த்தது உண்மைதான். ஆனால் தன் தட்டியை அடுத்தவள் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டான். அப்படிப்பட்ட தலைவர்களுக்காக அடி வாங்கிய முதுகு என்னுடையது. மேடையில் பவதாரணி போனைத் தாழ்த்தினாள். "அடுத்த வரி நான் எழுதினது இல்ல. உண்மையான்னு எனக்குத் தெரியல. விசாரிச்சுட்டு நானே எழுதுறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டாள். பிறகு கீழத்தெருவுக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாள்; ஊருணியை வெட்டியவர்களைத் தன் பெயரிலேயே எழுதினாள். ஆலை முதலாளி அவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலை இன்னும் இருக்கிறது. புதுப் பதிவின் கீழே முதல் கருத்து சந்தனமாரியுடையது: "இப்ப சரி. ஜால்ராவ வாபஸ் வாங்கிக்கிறேன். 'டி'ய வாங்க மாட்டேன்டி."